பதினொரு நிமிடம் மூத்தவன்

ஜூலை 12, சனி

காலையில் நல்ல மழை. வாசல் சாக்கடை மறுபடியும் அடைப்பு.

இன்றைய வேலை: மோட்டார் சைக்கிள் டயர். விமலாவின் மூக்குக் கண்ணாடி. தனாவை பஸ் நிறுத்தத்தில் ஏற்றிக்கொண்டு கிளினிக். முதல் இரண்டும் நடக்கவில்லை.

தனாவை எனக்கு அடையாளம் தெரியவில்லை. இதை வேறு எப்படி எழுதுவது. என்னோடு இரட்டையாகப் பிறந்தவன், என்னைவிடப் பதினொரு நிமிடம் மூத்தவன். ஒரே முகம். பள்ளியில் எங்களைப் பிரித்துப் பார்க்க அவன் கையில் சிவப்புக் கயிறு கட்டச் சொன்னார் வாத்தியார். இன்று பஸ்ஸிலிருந்து ஒரு கூனல் கிழவர் இறங்கினார். அவரைத் தாண்டி எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்தான் தோளைத் தட்டினார்.

"டேய் குணா. எங்கடா பாக்குறே?"

நேரில் பார்த்து நான்கு வருடம் ஆகிறது. போனில் குரல் மட்டும். அவன் இருக்கும் பண்டார் தெங்காராவுக்கும் என் உலு திராமுக்கும் அப்படி என்ன தூரம். போகவில்லை, அவ்வளவுதான்.

இருவருக்கும் நாற்பத்தேழு.

லோரி லைசென்ஸ் புதுப்பிக்க உடல் பரிசோதனை. அவன் ஊரில் செய்தால் அவன் லோரி ஓட்டும் செம்பனை மில்லுக்குச் சேதி போய்விடும் என்று இங்கே வந்திருக்கிறான். கவுண்டர் பெண் என்னை 'அபாங்' என்றாள், அண்ணன். தனாவை 'பக்சிக்' என்றாள், பெரியவர். அப்புறம் என்னிடம், அப்பாவோட ஐசி, அடையாள அட்டை, எங்கே என்று மலாயில். இரண்டு ஐசியையும் எடுத்து வைத்தேன். முதல் ஆறு எண்ணும் ஒன்று, பிறந்த தேதி. இரண்டு தடவை பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது பாவம். தனா சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டரம்மா அவனை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அரை மணி நேரம். வெளியே வந்தபோது சட்டைப் பையில் மடித்த கடிதம்.

"என்னடா சொன்னாங்க?"

"பிரஷர் கூடவாம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றாங்க. போலாம்லா, என்ன அவசரம்."

லைசென்ஸ் தாளில் டாக்டரம்மா கையெழுத்துப் போடவில்லை.

வீட்டில் சட்டையைக் கழற்றினான். பார்த்தது:
முகம் மட்டும் உருண்டை. கை கால் குச்சி.
தோல் காகிதம் மாதிரி. முழங்கையில் ஊதாவாக ரத்தக்கட்டு. பஸ் கம்பியில் லேசாக இடித்ததாம்.
விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து கிடக்கின்றன.
சாப்பிட்டதும் இரண்டு மாத்திரை. பழுப்பு. பெயர் இல்லாத பிளாஸ்டிக் பொட்டலம்.

"பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில ஒருத்தர் விக்கிறாரு. வேர் மருந்து. எட்டு வருஷமா சாப்புடுறேன். இது இல்லன்னா ஸ்டீயரிங் புடிக்க முடியாதுடா."

எட்டு வருடம்.

ஜூலை 13, ஞாயிறு

வெயில். நண்டுக் குழம்பு.

விமலா கைப்பேசியில் தேடிப் படித்துக் காட்டினாள். இந்த மாதிரி மூட்டுவலி மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலப்பது உண்டாம். முகம் உருளும், தோல் மெலியும், எலும்பு தேயும். என் பெண்டாட்டி ஒவ்வொரு வரியாக வாசிக்க, ஒவ்வொரு வரியிலும் தனா.

அவன் குளிக்கப் போன நேரம் பையைத் திறந்தேன். ஐந்து பொட்டலம். பின்பக்கக் கழிவறையில் மொத்தத்தையும் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன்.

வந்ததும் சொன்னேன். கத்தினேன் என்பதே சரி. "வெஷத்தத் தின்னுட்டு இருக்கேடா எட்டு வருஷமா!"

இடுப்பில் துண்டோடு நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்புறம், "சரி விடு. கொட்டிட்டல்ல."

நல்ல காரியம் செய்த திருப்தி. மத்தியானம் நல்ல தூக்கம்.

ஜூலை 14, திங்கள்

தனா இன்று ஊர் திரும்பவேண்டியது. எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு தடவை வாந்தி. நண்டு ஒத்துக்கொள்ளவில்லை என்கிறான். உடம்பெல்லாம் அடித்துப் போட்ட வலி.

"அந்த மருந்து ஒடம்ப விட்டு எறங்குதுடா. ரெண்டு நாள் பொறுத்துக்க" என்றேன். தலையாட்டினான்.

விமலா இஞ்சித் தண்ணீர் வைத்தாள். டாக்டர்கிட்ட போகலாமா என்று கேட்டாள். நாளைக்குப் பார்க்கலாம் என்றது நான்.

சிங்கப்பூர் லிஃப்ட் வேலைக்கு லீவு. சூப்பர்வைசர் அங்கிருந்து மூன்று தடவை போன். எடுக்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

ஆஸ்ப. நாற்காலியில் எழுதுகிறேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

காலை எட்டு மணி. குளியலறையில் சத்தம். கதவை உடைத்தேன். தரையில் தனா. உதடு வெள்ளை. உடம்பு சில்லென்று. கூப்பிட்டால் பதில் இல்லை. விமலா கார் எடுத்தாள். நான் பின்னால் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு. வழியெல்லாம் சிவப்பு விளக்கு.

அவசரப் பிரிவில் இளவயது மலாய் டாக். என்ன மருந்து சாப்பிட்டார், எப்போது நிறுத்தினார்? சொன்னேன். விமலா கொண்டுவந்த துணிப் பையில் இருந்த அவன் சட்டையில் சனிக்கிழமைக் கடிதம் கிடைத்தது. அவர் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். ஸ்டீராய்டு எனச் சந்தேகம். திடீரென நிறுத்தக் கூடாது. அடியில் இரண்டு கோடு.

ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்ததால் உடம்பு அதைத் தானாகச் சுரப்பதை விட்டுவிட்டதாம். அதை நான் ஒரே நாளில் பிடுங்கிவிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால், என்று டாக். ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

கொன்றிருப்பேன். இந்தக் கையால்.

ஜூலை 16, புதன்

கண் விழித்தான். என் பெயரைச் சொன்னான்.

செல்வி அண்ணி ஊரிலிருந்து வந்துவிட்டார். "நாந்தான் அண்ணி கொட்டுனேன்" என்றேன். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

"மூணு வருஷமா அவரு சட்டைக்குப் பட்டன் நாந்தான் போட்டு விடுறேன் தம்பி. யாருகிட்டயும் சொல்லாதேன்னுட்டாரு. லோரி போயிடும்னு பயம்."

இதுவும் எனக்குத் தெரியாது.

டாக். விளக்கினார். மறக்காமல் இருக்க இங்கே. முடக்குவாதம். உடம்பின் காவல் சொந்த மூட்டையே தாக்குகிறது, அந்த அழற்சி ஓய்வதில்லை. மாத்திரை வலியை அமுக்கியது, நோய் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. வருடக்கணக்கில் ஓடினால் மூட்டோடு நிற்காது. ரத்தக் குழாய், தசை, எலும்பு. செல்கள் காலத்துக்கு முன்பே முதிர்ந்துவிடும். இரண்டாகப் பிரியவும் செய்யாது, சாகவும் செய்யாது. கிடந்தபடி பக்கத்தில் இருக்கும் செல்களையும் கெடுக்கும். ஸ்டீராய்டு தன் பங்குக்குச் செய்தது வேறு.

எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நிஜமாகவே ஒரே நாளா?"

ஆமாம் என்றேன். அட்டையில் எழுதிக்கொண்டார்.

ஜூலை 18, வெள்ளி

அண்ணி சாப்பிடப் போன நேரம் கேட்டுவிட்டேன்.

"டக்குனு நிறுத்தக் கூடாதுன்னு டாக்டரம்மா உன்கிட்ட சொன்னாங்களா இல்லியா?"

"சொன்னாங்க."

"அப்புறம் ஏன்டா வாயத் தொறக்கல?"

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தான். "எட்டு வருஷத்துல யாரும் அதப் புடுங்கிப் போடலடா. நீ போட்டே. ரெண்டு நாள் தாங்கிப் பாப்போம்னு நெனச்சேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவனுக்கும். தாதி திரையை இழுத்து விட்டுப் போனார்.

ஜூலை 21, திங்கள்

வார்டில் ஏர்கோன் கெட்டுப்போயிருக்கிறது. ஒரே புழுக்கம்.

மூட்டு நிபுணர் வந்தார். சீனப் பெண்மணி, மலாய் பேசுகிறார். தனாவுக்கு: வாரம் ஒரு நாள் புது மருந்து. ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. கண், எலும்புச் சோதனை. லோரி இனி இல்லை. சாய்ந்த விரல் நிமிராது, மேலும் சாயாமல் பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு என் பக்கம் திரும்பினார். இரட்டையர் என்றால் கட்டாயம் வரும் என்றில்லை. ஆனாலும், காலையில் கை மடக்க வருகிறதா?

வருகிறது என்றேன். கொஞ்சம் விறைப்பு, ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும்.

கட்டிலிலிருந்து தனா. "பொய் சொல்லாதடா. ஞாயித்துக்கெழம காலைல கோப்பிக் கோப்பைய ரெண்டு கையால புடிச்சுத் தூக்குனே. நான் பாத்தேன்."

அவனைப் பார்த்து நான் அதிர்ந்துகொண்டிருந்தேன். அவன் என்னைக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

ஆறு மாதமாக வலி இருக்கிறது. விமலாவுக்கும் தெரியாது. லிஃப்ட் பழுதுபார்க்கிறவன் கை, வலிக்கத்தானே செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது. டாக். விரல் முட்டிகளை ஒவ்வொன்றாக அழுத்தினார். மூன்றாவதில் கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

ரத்தம் நான்கு குப்பி.

ஜூலை 25, வெள்ளி

லேசான புகைமூட்டம். தொண்டை கரகரப்பு.

முடிவு வந்தது. அதே நோய். ஆரம்ப நிலை. எக்ஸ்ரேயில் தேய்மானம் இல்லை. இன்றைக்கே மருந்து தொடங்கச் சொல்லிவிட்டார்கள். விமலா அழுதாள், மறைத்ததற்குத் திட்டினாள், அப்புறம் சோறு போட்டாள்.

தனாவுக்குப் போன் போட்டேன். வார்டில் டிவி சத்தம். சொன்னேன்.

"நல்லதுடா" என்றான்.

"எதுடா நல்லது?"

"எனக்குத் தெரிய எட்டு வருஷம் ஆச்சு. உனக்கு ஆறே மாசம்லா." இருமினான். "மருந்து கையில இருக்கா?"

"இருக்கு."

"வாயில போடு. நான் லைன்ல இருக்கேன்."

போட்டேன். தண்ணீர் குடித்தேன். போட்டாச்சு என்றேன். அவன் போனை வைக்கவில்லை.