துக்கத் தண்ணீரில் குளித்த காலை

பிரேசிலில் ஜெர்மனி உலகக் கிண்ணம் எடுத்த வருஷம் அது. டோர்ட்மண்டில் கார்களில் கட்டிய கொடிகளை ஆட்கள் இன்னும் அவிழ்க்கவில்லை, நீயும் நானும் ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறினோம். இன்று தமிழ்க் கடையில் சிவப்புச் சவர்க்காரத்தை மணந்து பார்த்ததும் அந்தக் காலை நெஞ்சில் வந்து நின்றது. நேரே உன் வீட்டுக்குப் போனேன். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது உன் மனைவிதான். ஏன் நானே எழுதவில்லை என்று அவள் இன்னும் கேட்கவில்லை.

அங்கே இருந்த அவளுடைய தம்பி ஜெயசீலன் எங்களை இரண்டு நாள் ஓட்டிக்கொண்டு போய், வடக்கே ஒரு தேசியப் பூங்காவில் நீர்மடு ஒன்றின் பக்கத்தில் கூடாரம் அடித்தான். சிவந்த மண், வெள்ளை மரங்கள். கங்காருகள் ஒவ்வொன்றாக வந்து குடித்துவிட்டுப் போகும். நீ விறகடுப்பில் தேத்தண்ணி வைத்தபடி, "இருவது வருஷம் ரெஸ்டோரண்டில கோப்பை கழுவின கைக்கு இப்பதான்ரா லீவு" என்றாய்.

மூன்றாம் நாள் காலை அவன் வாகனத்துக்குச் சில்லு மாற்றிக்கொண்டிருந்தான். நாங்கள் துவாயும் அந்தச் சிவப்புச் சவர்க்காரமுமாக மடுவுக்கு இறங்கினோம். வழியில் ஒரு பலகை. முதல்நாள் அது அங்கே இல்லை. படம் ஒன்றும் கிடையாது, கையால் எழுதிய எழுத்து மட்டும். உன் கண்ணாடி கூடாரத்தில் கிடந்தது.

"என்னடா எழுதிக் கிடக்கு?"

ஏழு வருஷம் கப்பலில் நின்றவன் நான், ஆங்கிலம் பேசுவேன். அதனால் வாசிப்பேன் என்றும் நீ நம்பியிருந்தாய். தமிழில்கூட ஓர் எழுத்து எனக்குத் தெரியாது என்பதை உன்னிடம் சொல்லாமலே அத்தனை வருஷத்தையும் ஓட்டியிருந்தேன். பலகைக்கு முன்னால் கொஞ்ச நேரம் உதட்டை அசைத்தேன்.

"முதலை இல்லையாம். இறங்கலாமாம்."

"பிறகென்ன, முதுகைத் தேய்ச்சு விடு."

நுரை தண்ணீரெல்லாம் பரவிய பிறகுதான் கரையைப் பார்த்தோம். பூங்காக் காவலரோடு அந்த மண்ணின் ஆதிக்குடிக் கிழவி ஒருத்தி நின்றாள். ஏசவில்லை. நாங்கள் ஏறும்வரை முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். கிழவியின் குடும்பத்தில் ஒரு சாவு என்று காவலர்தான் சொன்னார். கிரியை முடியும்வரை அந்தத் தண்ணீரில் யாரும் இறங்க வேண்டாம் என்று கேட்டு எழுதிய பலகை அது. துடக்கு, தீட்டு என்றால் என்னவென்று தெரிந்த நாங்கள் செத்த வீட்டுக்குள் புகுந்து சவர்க்காரம் போட்டுக் குளித்திருக்கிறோம்.

உன் மனைவியின் தம்பி ஓடி வந்தான். "அத்தான், பலகையை வாசிச்சனீங்களோ இல்லையோ?"

நீ என்னை ஒரு தரம் பார்த்தாய். எல்லாம் அப்போதே உனக்கு விளங்கிவிட்டது.

"ஓம், நான்தான் வாசிச்சனான். வாசிச்சுப்போட்டுத்தான் இறங்கினனான்."

"விசரோ உங்களுக்கு? இந்தச் சனத்தின்ர முகத்தில நான் இனி எப்பிடி முழிக்கிறது?"

அதன்பிறகு அவன் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நீயும் என்னிடம் அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். பிறகு என் கடிதங்களையெல்லாம், நான் கேட்காமலே, எனக்குக் கேட்கும்படி சத்தமாக வாசித்தாய்.

உன் செத்த வீட்டுக்கு அவன் வந்திருந்தான். "அத்தான் நல்லவர்தான். ஆனால் மற்றவையின்ர துக்கத்தை மதிக்கத் தெரியாத மனுசன்" என்று நாலு பேருக்குச் சொன்னான். நான் இரண்டு கதிரை தள்ளி இருந்தேன். வாய் திறக்கவில்லை. மடுவில் பொய் சொன்னது பயத்தால். இங்கே பேசாமல் இருந்ததற்கு அந்தச் சாட்டும் இல்லை.

இதைச் சொன்னதும் உன் மனைவி பேனையை வைத்துவிட்டாள்.

"அவர் எனக்கும் சொல்லேல்லை அண்ணை" என்றாள். பிறகு, "என்னட்டைச் சொல்லிக் காணாது. அவனுக்குச் சொல்லுங்கோ" என்று பேனையைத் திரும்ப எடுத்தாள்.

கிழவி இனி இருக்கமாட்டாள், அப்போதே தொண்ணூறு இருக்கும். காவலரும் செத்துப்போனாராம். அந்தக் கரையில் உன்னைப் பிழையாக விளங்கிக்கொண்டவர்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பது ஒருவன்தான்: ஜெயசீலன். எழுதி முடிந்ததும் இது அவனுக்குத்தான் போகிறது.