தலைக்கு மேல் பாரம்

மார்ச் 4, செவ்வாய்

குளியலறைக் கதவு இன்றும் சாத்திக்கொள்ள மறுத்தது. தோளால் இடித்துச் சாத்தினேன். சாத்திக்கொண்டது, பிறகு திறக்க மறுத்தது. ஈரத் துண்டோடு உள்ளே நின்றபோது சிரிப்புதான் வந்தது. நான் பார்க்கிற வேலை என்ன? லிஃப்ட் கம்பெனியில் போன் எடுப்பது. லிஃப்டில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் நாள் முழுக்க "பயப்படாதீங்க, ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க" என்று சொல்வது. எனக்கு அதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

கீழே அண்ணன் வீடு. கத்தினால் கேட்கும். மூன்று வருஷமாகப் பேசாதவனைக் குளியலறையிலிருந்தா கூப்பிடுவது? மானம் இருக்கிறதே. சீப்பின் காம்பை விட்டு நெம்பி வெளியே வந்தேன். சீப்பு போனது.

சுவரில் ஈரம், படுக்கையறையில் விரிசல், இப்போது இதுவும். கூட வேலை பார்க்கிறவள் ஒரு இன்ஜினியர் நம்பர் கொடுத்தாள். வீடு வாங்குகிறவர்களுக்கு வீட்டைச் சோதித்துக் குறை சொல்வதுதான் அவர் தொழிலாம். எங்கள் குடும்பத்தில் அதைச் சும்மாவே செய்வார்கள்.

மார்ச் 6, வியாழன்

இன்ஜினியர் வந்தார். கையில் ஒரு குச்சி. டாக்டர் முதுகைத் தட்டிப் பார்க்கிற மாதிரி வீடு முழுக்கத் தட்டினார். டைலுக்கு அடியில் சிமென்ட் இல்லாமல் பொள்ளல். சுவிட்ச் போர்டுக்கு எர்த் இல்லை. மொட்டை மாடித் தண்ணீர் குழாய்ப் பக்கம் ஓடாமல் சுவர்ப் பக்கம் ஓடுகிறது, ஈரம் அதனால்தான். ஒவ்வொன்றுக்கும் "எல்லா வீட்லயும் இருக்கிறதுதாம்மா" என்று தலையை ஆட்டினார். எனக்குக்கூட நிம்மதியாக இருந்தது.

படுக்கையறைக்கு வந்ததும் தலையாட்டுவது நின்றுவிட்டது. வாசற்கால் மூலையிலிருந்து கூரை வரை சாய்வாக ஏறுகிற விரிசலையே பார்த்தார்.

"கீழ என்ன வேலை நடந்துச்சு?"

"அண்ணன் ஹாலைப் பெருசாக்கினான். நடுச்சுவரை எடுத்துட்டான்."

"பீம் போட்டாரா?"

"தெரியல. பேச்சுவார்த்தை இல்ல."

அது தடுப்புச் சுவர் இல்லையாம், தாங்குகிற சுவராம். என் படுக்கையறைச் சுவர் அதன் மேல்தான் நின்றதாம். இப்போது அந்தரத்தில் நிற்கிறது. போதாக்குறைக்கு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியும் அதே கோட்டில்.

"விழுமா சார்?"

"எப்பன்னு சொல்ல முடியாதும்மா. ரொம்ப நாள் நிக்கலாம். நாளைக்கே இறங்கலாம். கீழ யாரும் படுக்கக் கூடாது, உடனே முட்டுக் கொடுக்கணும். அதுவரைக்கும் மேல இருக்கிற பாரத்தையாவது குறைக்கணும்."

பாரம். புருஷன் வேண்டாமென்று நான் திரும்பி வந்து, அப்பா இந்த மாடியை என் பேருக்கு எழுதி வைத்தபோது அண்ணி சொன்ன வார்த்தை அது. "எங்க தலைக்கு மேல பாரமா வந்து உக்காந்துட்டா." அன்றிலிருந்துதான் பேச்சு நின்றது. இன்று ஒரு இன்ஜினியர் வந்து குச்சியால் தட்டிப் பார்த்து அதையே சொல்கிறார்.

அந்த ஹாலில்தான் வாலு படுக்கிறாள். அண்ணன் மகள். எட்டு வயது. நேர் கீழே.

மார்ச் 8, சனி

வாசலில் அண்ணனைப் பிடித்தேன். வண்டியில் பலகை ஏற்றிக்கொண்டிருந்தான். மூன்று வருஷத்தில் முதல் பேச்சு. என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன், கடைசியில் "அண்ணே, கதவெல்லாம் இறுகுது, சுவர் இறங்குது" என்று உளறினேன்.

என்னைப் பார்க்காமல் பலகையைப் பார்த்துச் சொன்னான்: "இறுகுதுன்னா மரம் ஊதியிருக்கு. இழைச்சு விட்டா சரியாயிடும்."

அவ்வளவுதான், வண்டி போய்விட்டது. தச்சன் அல்லவா. கதவு சாத்த வரவில்லை என்றால் குற்றம் கதவுடையது. அப்போதுதான் உறைத்தது — கொஞ்ச நாளாகவே கீழே சாயங்காலமானால் இழைப்புளிச் சத்தம். யாருக்கோ செய்கிறான் என்று நினைத்தேன். தன் வீட்டுக் கதவுகளைத்தான் இழைத்துக்கொண்டிருக்கிறான். ஒவ்வொன்றாக. வீடு இறங்க இறங்க இவன் சீவிச் சீவி இடம் விட்டுக்கொடுக்கிறான்.

மார்ச் 10, திங்கள்

இன்ஜினியரையே கீழே அனுப்பினேன். அண்ணி கதவைப் பாதி திறந்து பேசியது மாடிப்படியில் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது. எனக்குக் கேட்கட்டும் என்றுதான் பேசினாள்.

"மேல்வீட்டுக்காரி அனுப்பினாளா? தான் வாழல, நாங்க வாழறது கண்ணை உறுத்துது. ஹால் நல்லா இருக்கேன்னு வயித்தெரிச்சல். நீங்க போங்க சார்."

இன்ஜினியர் என்னிடம் கையை விரித்துவிட்டுப் போனார். பாவம், அவர் என்ன செய்வார்.

வயிற்றெரிச்சல் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. அந்த ஹாலை ஜன்னல் வழியாகப் பார்த்து இருந்திருக்கிறது. அதனால் விரிசல் பொய்யாகிவிடுமா?

மார்ச் 12, புதன்

மாநகராட்சி ஆபீசுக்குப் போன் போட்டேன். மனு எழுதிக் கொடுக்க வேண்டுமாம், வரிசைப்படி ஆள் வருமாம். "எப்ப வரும்? அதுக்குள்ள விழுந்தா?" என்று கத்தினேன். அந்தப் பக்கம் இருந்த பெண் கொஞ்சமும் கோபப்படாமல் சொன்னாள்: "பயப்படாதீங்க மேடம், ஆள் வருவாங்க."

போனை வைத்துவிட்டேன். இத்தனை வருஷமாக இந்த வார்த்தையைத்தான் விற்றுக்கொண்டிருக்கிறேனா?

மார்ச் 13

விரிசலுக்குக் குறுக்கே காகிதப் பட்டை ஒட்டச் சொல்லியிருந்தார் இன்ஜினியர். கிழிந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். கிழிந்துவிட்டது.

மார்ச் 15, சனி

இரண்டாவது பட்டையும்.

பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடலாம். யார் தடுத்தார்கள்? சொல்லியாயிற்று, ஆள் வைத்தும் சொல்லியாயிற்று. இதற்கு மேல் காலில் விழ வேண்டுமா? சுவர் விழுந்தால் அவர்கள் தலையில்தானே விழுகிறது, என் தலையிலா? சே, என்ன எழுதுகிறேன் நான்.

மத்தியானம் வாலு அவள் அம்மாவுக்குத் தெரியாமல் மேலே வந்தாள். பிஸ்கட் தின்றுகொண்டே சொல்கிறாள்: "அத்தை, எங்க வீடு ராத்திரி நெட்டி முறிக்குது. டக்கு, டக்குன்னு. அப்பா காதுல விழவே இல்ல. நான் மட்டும் கேட்டேன்."

"நீ அப்பா அம்மா ரூம்ல போய்ப் படுத்துக்கோடா கண்ணு."

"அம்மா விடமாட்டாங்க. பெரிய பொண்ணாயிட்டேனாம்."

அவள் போன பிறகு வாய்விட்டு அழுதேன். யாராவது கேளுங்களேன். யாராவது.

மார்ச் 17, திங்கள்

அவர்கள் எதையும் செய்யப் போவதில்லை. என்னால் முடிந்தது ஒன்றுதான். பாரத்தைக் குறைப்பது.

லீவு போட்டேன். மர பீரோவை இரண்டு ஆட்கள் இறக்கினார்கள். கட்டில், வாஷிங் மெஷின், கிரைண்டர், அப்பாவின் இரும்புப் பெட்டி. இன்ஜினியர் நம்பர் கொடுத்த ஆபீஸ்காரி வீட்டில் கொஞ்சம், பழைய சாமான் கடைக்குக் கொஞ்சம். ஒவ்வொன்று இறங்கும்போதும் ஜன்னலில் அண்ணி. "ஒருவழியா கிளம்புறா" என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்! உன் பிள்ளையின் தலைக்கு மேலிருந்து பீரோவை இறக்குகிறேனடி பைத்தியக்காரி.

சமையலறை ஓரம் பாய் போட்டுப் படுக்கிறேன். அந்தப் பக்கச் சுவருக்குக் கீழே சுவர் இருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குக் கல்யாண நாளாம், இருபதாவது. புது ஹாலில் விருந்து. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும். சமையலுக்கு வேண்டுமென்று தொட்டியை விளிம்பு வரை நிரப்புவார்கள். பிள்ளைகள் மொட்டை மாடியில் குதிப்பார்கள்.

வாலு சொன்னாள். என்னைக் கூப்பிடவில்லையாம், அதற்கு அவள் வருத்தப்பட்டாள்.

மார்ச் 22

நாளைக்கு. நான் என்ன செய்வேன்?

மார்ச் 23, ஞாயிறு

எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது என்று நானே நம்பமாட்டேன்.

காலையில் மொட்டை மாடிக்குப் போய்த் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்துவிட்டேன். நிரம்பிய தொட்டி. சுவர்ப் பக்கம் ஓடாமல் ரப்பர் குழாய் மாட்டித் தெருவுக்கே கொட்டவிட்டேன். மோட்டார் சுவிட்ச் கீழே அண்ணி வீட்டில் இருக்கிறது, அதனால் மோட்டாருக்குப் போகிற வயரையும் பிடுங்கிவிட்டேன். மொட்டை மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் விருந்து நடத்தட்டும் பார்க்கலாம்.

முதலில் அண்ணியின் கூச்சல். பிறகு படியில் தடதடவென்று அண்ணன். மூன்று வருஷத்தில் முதல் முறையாக என் வாசலில்.

"இன்னிக்குத்தான் உனக்கு நேரம் கிடைச்சுதா? மனுஷியா நீ? சாவி எங்க?"

"தரமாட்டேன்."

கையை ஓங்கிக்கொண்டு உள்ளே வந்தான். வந்தவன் அப்படியே நின்றான். வெறும் அறை. கட்டில் இருந்த இடத்தில் நாலு தூசித் தடம்.

"சாமானெல்லாம் எங்க?"

"இறக்கிட்டேன்."

"ஏன்?"

"உங்க தலைக்கு மேல பாரமா இருக்கேன்ல? அதான் இறக்கிட்டேன். இன்னும் நான் ஒருத்திதான் பாக்கி. போகச் சொன்னா நானும் போறேன். அவளை மட்டும் அந்த ஹால்ல படுக்க வைக்காதண்ணே. உன் கால்ல விழறேன். வேணாம்ணே."

அவன் விரிசலைப் பார்த்தான். ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக் கிழிந்த காகிதப் பட்டைகளைப் பார்த்தான். கீழே போய்விட்டான். சரி, இவ்வளவுதான் என்று நினைத்தேன். திரும்பி வந்தான், கையில் சமன் பார்க்கிற ரசமட்டம். மண்டியிட்டுத் தரையில் வைத்தான். குமிழி நடுவில் நிற்கவே இல்லை. ஓரத்துக்கு ஓடி ஒட்டிக்கொண்டது. வேறு இடத்தில் வைத்தான். அங்கேயும் அப்படித்தான். சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். என் அண்ணன் யார் சொன்னாலும் நம்பாதவன், ஆனால் அதை நம்புவான்.

"நாலு கதவை இழைச்சேன் பாப்பா," என்றான். பாப்பா என்று அவன் என்னைக் கூப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று.

பிறகு ஒரே ஓட்டம். வந்தவர்களை எல்லாம் தெருவில் நிறுத்தினான். அண்ணி கேக் பெட்டியோடு வாசலில் நின்று "அவ பேச்சைக் கேட்டு என்னை இப்படி அசிங்கப்படுத்துறீங்களே" என்று அழுதாள். வாலுவைத் தூக்கி அவள் கையில் திணித்தான். யாருடைய வாசலுக்கோ அறுத்து வைத்திருந்த தேக்குக் கட்டைகளை எல்லாம் கொண்டுவந்து ஹால் முழுக்க முட்டுக் கொடுத்தான். வந்திருந்த சொந்தக்காரர்களே புதுச் சட்டையோடு பிடித்தார்கள். ஊரில் இருக்கிற பொல்லாதவனுக்கெல்லாம் முட்டுக் கொடுத்துப் பேசுகிறவர்கள், இன்றைக்காவது உருப்படியாக ஒரு முட்டுக் கொடுத்தார்கள்.

கடைசிக் கட்டையை அடித்து இறுக்கும்போது கூரையிலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. வாலுவின் கட்டில் தலைமாட்டில். பெரிதில்லை, ஒரு தலையணை அளவு.

அதன் பிறகு அண்ணி அழவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

இன்ஜினியர் முழுசாகப் பார்த்துவிட்டு எங்களை உட்கார வைத்துச் சொன்னார். கீழே இரும்பு பீம் போட்டால் கீழ்வீடு பிழைக்கும். மேல் சுவர்கள் பிழைக்காது, உள்ளுக்குள் வெடித்துவிட்டன. மாடியை இடித்து இறக்கிவிடுவதுதான் வழி.

மாடி என்றால் என் வீடு.

எனக்கென்று இந்த உலகத்தில் இருப்பது அது ஒன்றுதான். சுவரை இடித்தவர்கள் அவர்கள், வீடு போவது எனக்கா? இதற்காகவா தொண்டை கிழியக் கத்தினேன்? சும்மா இருந்திருந்தால் — இல்லை. அந்தப் பாளத்தைக் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் தாங்க முடியவில்லை.

அண்ணன் படியில் உட்கார்ந்திருந்தான். "நீ வேணாம்னா வேணாம் பாப்பா. முட்டோடயே இருந்துக்கலாம்." அண்ணி பக்கத்தில் நின்று தரையைப் பார்த்தாள்.

மார்ச் 28

இடிக்கச் சொல்லிவிட்டேன். ஆபீசில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன்.

ஏப்ரல் 19, சனி

முதலில் சமையலறை. நான் பார்க்கப் போகவில்லை. வாலு பள்ளிக்கூடத் தோழிகளோடு நின்று வேடிக்கை பார்த்திருக்கிறாள். உன் வீட்டுச் சுவர் பச்சையா இருந்துச்சு அத்தை, உள்ளே நீலம், அதுக்குள்ளே மஞ்சள் என்று வந்து சொன்னாள்.

ஜூன் 15, ஞாயிறு

கீழே பீம் போட்டு முடித்தாயிற்று, இத்தனை நாள் ஆபீஸ்காரி வீட்டில் ஒண்டியிருந்துவிட்டு இன்று கீழ்வீட்டுக்கு வந்துவிட்டேன். ஹாலின் பாதியை பிளைவுட் வைத்து மறைத்து எனக்கு அறையாக்கிவிட்டான் அண்ணன். ஆசை ஆசையாகத் திறந்த ஹால், இப்போது ஒரு ஆள் படுக்கிற அறையும் ஒரு நடைபாதையும். அண்ணி வந்து ஓரமாக ஒரு குப்பைக்கூடையை வைத்துவிட்டுப் போனாள். புதுக் கூடை. "மேல்வீட்டுக்காரி" என்று இனி சொல்ல முடியாது, என்ன சொல்வாளோ.

பிளைவுட் சுவர் ஒன்றையும் மறைக்காது, அவர்கள் குசுகுசுவென்று பேசுவதுகூடக் கேட்கிறது. படுத்த கொஞ்ச நேரத்தில் அண்ணியின் குரல்: "ஃபேன் காத்து அந்தப் பக்கம் போகுதான்னு கேளுங்க."

"நீயே கேளேன்," என்றான் அண்ணன்.

அண்ணி கேட்கவில்லை. கேட்கவும் மாட்டாள், தெரியும். நானே சொன்னேன்: "வருது அண்ணி."

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, "ம். சரி, தூங்கு," என்றாள்.

காற்று துளிகூட வரவில்லை. ஃபேன் அவர்கள் பக்கம் இருக்கிறது.