பதினேழாம் எண் தண்ணீர்

மார்ச் 4, புதன்

நூலக மாடியில் சங்கக் கூட்டம். வந்தவர்கள் பதினொரு பேர். அதில் இரண்டு பேர் நாளிதழ் படிக்க வந்து, கீழே மின்விசிறி ஓடாததால் மாடி ஏறியவர்கள். இன்றைய பேச்சு துருவைப் பற்றி. முன்வரிசையில் ஒருவர் குறட்டை விட்டார். போன மாதம் பேசியவர் அவர்தான்.

வேதியியலாளர் சங்கத்தின் எங்கள் கிளைக்கு நான் எப்படிச் செயலாளர் ஆனேன் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் தலைவர், "யார்கிட்ட பேனா இருக்கு?" என்று கேட்டார். என்னிடம் இருந்தது. பகலில் சோப்பு ஆலையின் பரிசோதனைக் கூடம், மற்ற நேரத்தில் சங்கம்.

இந்த வருடம் மக்களிடம் போகிறோமாம். பள்ளிக்கூடங்களில் ஊதா முட்டைக்கோஸ் சாற்றைப் பச்சையாக்கிக் கைதட்டு வாங்கியது போதும் என்கிறார் தலைவர். நூலகத்துக்குப் பின்தெருவில் இருபத்தாறு வீடுகள், வீட்டுக்கு வீடு ஆழ்துளைக் கிணறு. குடிக்கும் தண்ணீரை வாங்கிச் சோதித்து, வீட்டுக்கு ஒரு கடிதம் கொடுப்பது. வீடு வீடாகப் போவது யார் என்றதும் எல்லோரும் என் பேனாவைப் பார்த்தார்கள்.

மார்ச் 10, செவ்வாய்

அரை நாள் விடுப்பு. இருபத்தாறு பாட்டில்களை இரண்டு பைகளில் தூக்கிக்கொண்டு நடந்ததில் தோள்பட்டை கழன்றுவிட்டது.

ஒரு பாட்டி கதவைத் திறக்காமலே, "எதுவும் வாங்கறதில்லை" என்றாள். "வாங்க வந்ததே நாங்கதான்" என்றேன். பயந்து தாழ்ப்பாளையும் போட்டுவிட்டாள். அப்புறம் பக்கத்து வீட்டார் வந்து சமாதானம் சொன்னார்கள்.

17, 18 எண்கள் ஒரே வீடாக இருந்து நடுவில் சுவர் வைத்துப் பிரித்தவை. 17இல் தையற்காரர், 18இல் அவருடைய தம்பி, வண்டிப் பட்டறை வைத்திருக்கிறவர். அண்ணனும் தம்பியும் பேசி நான்கு வருடம் ஆகிறதாம். 16ஆம் எண்காரர் நான் கேட்காமலே சொன்னார். தையற்காரரின் மனைவி தோளில் மூன்று மாதக் குழந்தையோடு வந்து, "குடுங்கக்கா, நானே பிடிச்சுட்டு வர்றேன்" என்று பாட்டிலை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் வாசலில் நின்று படிவம் எழுதினேன்.

மார்ச் 12, வியாழன்

கல்லூரிக் கூடத்தில் பியூரெட்டும் நானும் எல்லாவற்றையும் பார்த்து முடித்தோம். (திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடும் நீளக் கண்ணாடிக் குழாய்தான் பியூரெட்; எங்கள் இளம் விரிவுரையாளருக்குச் சங்கம் வைத்த பெயர். அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி, சொட்டுச் சொட்டாகத்தான் பேசுவார்.) கழிவுநீர் கசிந்தால் ஏறுகிற நைட்ரேட், லிட்டருக்கு நாற்பத்தைந்து மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. எந்த வீட்டிலும் தாண்டவில்லை. 17க்கு 9, 18க்கு 8. நல்ல தெரு.

மார்ச் 15, ஞாயிறு

கடிதங்களைக் கொடுத்தேன். "உங்கள் குடிநீர் பாதுகாப்பானது." 17இல் தையற்காரரே இருந்தார். கடிதத்தை இரண்டு தரம் படித்து, கதவுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நான்கைந்து வீடுகளில் மறுமாதிரி எடுத்து வரும்படி பியூரெட் சொல்லியிருந்தார். ஒத்துப்போகிறதா என்று பார்க்க. 17இலும் கேட்டேன். தையற்காரர் சமையலறைக் குடத்திலிருந்து மொண்டு கொடுத்தார்.

மார்ச் 16, திங்கள்

17: தொண்ணூற்று நான்கு.

மற்ற எல்லாம் ஒத்துப்போகின்றன. இது மட்டும் ஏன்? மூன்று முறை செய்துவிட்டோம். 94, 94, 93.

பியூரெட் என் கைகளையே பார்த்தார். "லேபிள் நீங்கதானே ஒட்டுனீங்க, மேடம்?"

நான்தான் ஒட்டினேன். ஒட்டியது நினைவிருக்கிறது. ஆனால் இருபத்தாறு பாட்டில், வெயில், அந்தப் பாட்டி – சத்தியம் செய்யச் சொன்னால் செய்வேனா?

மார்ச் 17, செவ்வாய்

தலைவரிடம் சொன்னேன். "ஒண்ணு சரி, ஒண்ணு தப்பு. எது தப்புன்னு தெரியாம போய்க் கலவரப்படுத்தக் கூடாதும்மா. மூணாவது ஒண்ணு எடுங்க." வாத்தியார் மாதிரிப் பேசினார். வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்தான்.

ஆனால் அந்த வீட்டில் புட்டிப்பால் குடிக்கும் குழந்தை இருக்கிறதே. பெரியவர்களுக்கு ஒன்றும் ஆகாது. மூன்று மாதக் குழந்தையின் ரத்தத்தில் அது மூச்சுக்காற்றைப் பிடிக்க விடாது.

மார்ச் 18, புதன்

மதியம் சாப்பாட்டு இடைவேளையில் 17க்கு ஓடினேன். குழந்தைக்கு மட்டும் கொஞ்ச நாள் கேன் தண்ணீர் வாங்கும்படி தையற்காரரின் மனைவியிடம் சொன்னேன். "ஏன்க்கா, நல்ல தண்ணின்னு கடுதாசி குடுத்தீங்களே?" என்றாள். "சும்மா ஒரு சந்தேகம்" என்று இழுத்தேன். "நாங்க நல்லாக் காய்ச்சித்தான் குடுக்கறோம்" என்றாள். காய்ச்சினால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும் என்றேன். முகம் மாறிவிட்டது.

பாட்டிலை அவளே நிரப்பிக் கொடுத்தாள். மாலையில் பார்த்தால் – 9.

ஒன்பது!

"அப்ப ஞாயித்துக்கிழமைதான் தப்பு" என்று தலைவர் கோப்பை மூடிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பாட்டிலில் நான் என்ன தப்புச் செய்தேன்? சோப்பு ஆலையிலிருந்து ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்ததா? என் கையா? என் கண்ணா?

மார்ச் 19, வியாழன்

மனம் கேட்காமல் வேலை விட்டு வரும் வழியில் மறுபடியும் போனேன். மாலை ஆறு மணி. தையற்காரர் எரிச்சலோடு, "இன்னும் எத்தனை தடவைம்மா?" என்று கேட்டுக்கொண்டே பிடித்துக் கொடுத்தார். கல்லூரிக்கு ஓடி, பியூரெட்டை வீட்டுக்குப் போகவிடாமல் பிடித்துவைத்துச் சோதித்தேன்.

95.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே, "உன் தண்ணிக்குக் கிழமை, நேரம் எல்லாம் தெரியும் போலிருக்கே" என்றார். சிரித்தேன். கை கழுவப் போனவள் குழாயடியிலேயே நின்றுவிட்டேன். விளையாட்டுக்குச் சொன்னார், ஆனால் அதுதானே நடக்கிறது? மதியம் ஒன்பது. தையற்காரர் வீட்டில் இருந்தால் தொண்ணூற்று ஐந்து. அவள் கொடுத்தால் ஒன்று, அவர் கொடுத்தால் ஒன்று.

எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா, இல்லை இதில் ஏதாவது இருக்கிறதா?

மார்ச் 20, வெள்ளி

தலைவலி என்று ஆலையில் பொய் சொல்லிவிட்டுப் பதினொரு மணிக்கே 17க்குப் போனேன். முன்கதவு தாழிட்டிருந்தது. சந்து வழியாகப் பின்பக்கம் போனேன்.

சுவருக்கு மேலே ஒரு பச்சை ரப்பர் குழாய். இந்தப் பக்கம் தையற்காரர் மனைவி அதைக் குடத்துக்குள் விட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து 18ஆம் எண்காரியின் குரல்: "போதுமாக்கா? இன்னொரு குடம் விடட்டுமா?"

என்னைப் பார்த்ததும் குழாய் நழுவி என் காலெல்லாம் தண்ணீர்.

"அக்கா, உங்க காலைப் பிடிக்கறேன், இவர்கிட்ட சொல்லிடாதீங்க. அவங்க வீட்டுத் தண்ணி இந்தப் பக்கம் வருதுன்னு தெரிஞ்சா ரெண்டு பேரும் வெட்டிக்குவாங்க."

பின்கட்டிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பிறந்த மாதமே குழந்தைக்கு வயிறு சரியில்லை. சின்னவள், அதாவது தம்பி மனைவி, சுவருக்கு மேலே ஒரு குடம் தண்ணீர் எட்டிக் கொடுத்திருக்கிறாள். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. தங்கள் தண்ணீருக்கு மாறினால் திரும்ப வந்திருக்கிறது. அன்றிலிருந்து ஆண்கள் இருவரும் வேலைக்குப் போனதும் குழாய் வரும். மாலையில் அவர் வந்தால் குடத்தை அவரே நிரப்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் இருப்பார். அப்போது வழியில்லை. காய்ச்சினால் சரியாகிவிடும் என்று இருந்திருக்கிறாள்.

எங்களுக்கு முன்னால் அவள் சோதித்து முடித்துவிட்டிருக்கிறாள்! கருவி இல்லை, லேபிள் இல்லை. நாங்கள் நாலு பேர் பட்டம் வாங்கிக்கொண்டு மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறோம்.

சாயங்காலங்களில் சில சமயம் குழந்தையின் உதடு நீலமாகத் தெரியும் என்றாள். குளிர் என்று நினைத்தாளாம். கையோடு இழுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனேன். இப்போதைக்குப் பயமில்லை, அந்தத் தண்ணீர் மட்டும் ஒரு சொட்டுக்கூட ஆகாது என்றார். இன்றைக்குக் கேன் வாங்கி வைத்தாகிவிட்டது. தையற்காரரிடம் என்ன காரணம் சொல்லுவாள்?

மார்ச் 21, சனி

ஒன்றுமே ஓடவில்லை. காபியில் உப்பைப் போட்டேன்.

17இன் கிணறு, கழிவுத்தொட்டிக் கசிவோ என்னவோ, கெட்டிருக்கிறது என்று தையற்காரருக்குத் தெரிந்தாக வேண்டும். சொன்னால், "முதல்ல எப்படி நல்லா இருந்துச்சு?" என்று கேட்பார். உண்மையைச் சொன்னால் அந்த இரண்டு பெண்களையும் காட்டிக் கொடுத்தவள் ஆவேன். சொல்லாவிட்டால் கதவில் நான் கொடுத்த கடிதம் ஒட்டியிருக்கிறது.

என் மேலே போட்டுக்கொண்டால்? பாட்டில் மாறிவிட்டது என்று. அது பொய்யா? முழுப் பொய்யும் இல்லையே. மாதிரி எடுப்பவர் தானே உள்ளே போய், குழாயைத் திறந்து, தன் கையால் பிடிக்க வேண்டும் – அதுதான் விதி. அந்த விதியைத் தட்டச்சு செய்தவளே நான்தான். வாசலில் நின்று படிவம் எழுதியவளும் நான்தான்.

ஆனால் சங்கத்தின் பெயர்? இருபது வருடமாக நான் கட்டிக் காத்த என் கையின் பெயர்?

இவரிடம் கேட்டேன். "உனக்கு எதுல தூக்கம் வருமோ அதைச் செய்" என்றார். இரண்டிலும் வராதே.

மார்ச் 22, ஞாயிறு

சொல்லிவிட்டேன். வாசலில், அவருடைய மனைவி பின்னால் நிற்க. "தப்பு என்னோடது. முதல் பாட்டில் மாறிப்போச்சு. உங்க கிணத்துத் தண்ணி குழந்தைக்கு ஆகாது."

முதலில் புரியாத மாதிரிப் பார்த்தார். அப்புறம் கத்தினார் பாருங்கள் – தெருவே வெளியே வந்துவிட்டது. "படிச்சவங்கதானே நீங்க? எம்புள்ளைக்கு ஒண்ணு ஆகியிருந்தா? ஒரு லேபிள் ஒழுங்கா ஒட்டத் தெரியாதா?" கடிதத்தைச் சுவரோடு பிய்த்து என் முன்னால் போட்டார். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவள் அழுதாள். எனக்காக அழுதாளா, பயத்திலா, தெரியவில்லை.

மூச்சு வாங்கி நின்றபின், குரலைத் தாழ்த்தி, "அப்ப பதினெட்டு?" என்றார்.

"பதினெட்டு நல்லா இருக்கு. அதுல மாத்தமில்ல."

சுவரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தெருக்கோடி வரைக்கும் வந்துதான் அழுதேன்.

மார்ச் 25, புதன்

அவசரக் கூட்டம். மற்ற இருபத்தைந்து வீட்டுக்காரர்களும் நூலகத்துக்கே வந்து, "எங்க கடுதாசி மட்டும் சரியா?" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயம்தானே. தெரு முழுக்க மறுபடியும் சோதிக்க வேண்டும்.

தலைவர் திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "கொஞ்ச நாள் ஓய்வெடுங்கம்மா" என்றார். செயலாளர் கோப்புகளைப் பியூரெட்டிடம் கொடுத்தேன். பேனாவையும் கேட்பார்களோ என்று ஒரு நினைப்பு வந்து, அந்த நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. எல்லோரும் ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

படியிறங்கும்போது பியூரெட் வழிமறித்தார். "மேடம், போன புதன்கிழமையும் ஒன்பதுதானே வந்துச்சு? பாட்டில் மாறியிருந்தா இன்னொரு வீட்டுக்குத் தொண்ணூத்தி நாலு வந்திருக்கணும். யாருக்குமே வரலையே?"

"வரலை" என்றேன்.

"அப்புறம் எப்படி?"

"தெரியலப்பா." இப்படி ஒரு பொய்யை நேருக்கு நேர் பார்த்துச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போகிறேன். எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 14, செவ்வாய்

கடைவீதியில் சின்னவளைப் பார்த்தேன். 18ஆம் எண்காரி. பேச வந்தவள் பின்னால் புருஷன் வருவதைப் பார்த்து வெங்காயம் பொறுக்கப் போய்விட்டாள். குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்க விடவில்லை. கை ஜாடையில் ஏதோ காட்டினாள். நன்றாக இருக்கிறது என்றா, அப்புறம் பேசலாம் என்றா?

நான் செய்தது சரியா? ஒரு பொய்யால் குழந்தைக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீர் நின்றது, சரி. அந்த வீடு இன்னும் கேன் தண்ணீரில் எத்தனை நாள் ஓடும்? உண்மையைப் போட்டு உடைத்திருந்தால் ஒரு சண்டையோடு முடிந்திருக்குமோ? யாரைக் கேட்பது?

ஏப்ரல் 29, புதன்

மே மாதக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. கையொப்பம்: செயலாளர், பியூரெட்டின் கோழிக் கிறுக்கல். போகலாமா? தெரியவில்லை.

மே 10, ஞாயிறு

மறுபரிசோதனை நாள். நான் போகவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தேன். மாலை நான்கு மணிக்குப் பியூரெட் போன் செய்தார். குரலே சரியில்லை.

"மேடம், பதினேழுல எட்டு வருது."

"என்ன?"

"எட்டு. மூணு தடவை பார்த்துட்டேன். நானேதான் உள்ள போனேன். நானேதான் குழாயைத் திறந்து, ரெண்டு நிமிஷம் ஓடவிட்டு, என் கையாலயே பிடிச்சேன். லேபிளும் அங்கயே ஒட்டினேன். எப்படி மேடம்? நானும் மாத்திட்டேனா?"

துணியைக் கீழே வைத்தேன். "வீட்ல யாரு இருந்தா?"

"டெய்லர் இருந்தாரு. அப்புறம் இன்னொருத்தர், சட்டையெல்லாம் கிரீஸ், சமையல் மேடைக்கு அடியில மல்லாந்து படுத்திருந்தாரு. பக்கத்து வீட்டுச் சுவத்துல ஓட்டை போட்டு, புதுசா இரும்புப் பைப் ஒண்ணு கொண்டுவந்து, கடைசியா இறுக்கிட்டு இருந்தாங்க. எனக்கு ஒண்ணும் புரியல."

"ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்களா?"

"பேசலையே. படுத்திருந்தவரு 'பன்னெண்டு'ன்னு கையை நீட்டினாரு. டெய்லர் பெட்டியில தேடி ஒரு ஸ்பேனரை எடுத்து அவர் கையில வெச்சாரு. அவ்வளவுதான். மேடம், இந்த எட்டை என்ன பண்றது? திரும்பப் போய் எடுக்கட்டுமா?"

"வேண்டாம். பாட்டில் எதுவும் மாறல" என்றேன். "எட்டுன்னே எழுதுங்க."