ஏழாவது அட்டை

2018 அக்டோபர் 2, செவ்வாய்

மாதத்தின் முதல் செவ்வாய் ஆதலால் அட்டைகளை எண்ணினேன். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு. இருக்க வேண்டியதும் அதுவே. இருபத்தேழாம் மாதிரிக்கு, அதாவது செர்ரி மரச் சவப்பெட்டிக்கு, ஆறு. சரி.

மேலாளர் கிரெக் டோல் இதையெல்லாம் கணினியில் ஏற்ற விரும்புகிறார். நாற்பத்தொரு வயது, டை கட்டுவதில்லை. ஓய்வுபெற்ற பின்னரும் செவ்வாய், வியாழன் இரு நாட்களும் என்னை வரவழைப்பது அவர்தான் என்பதால், பொறுமையாக எடுத்துரைத்தேன். கிடங்கில் நிற்கும் ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் அட்டை தொங்கும். இறுதிச் சடங்கு நடத்துபவர் பெட்டியை எடுத்துச் செல்லும்போது அட்டை கழன்று இங்குள்ள இரும்புப் பேழைக்கு வரும். தச்சர் அதை எடுத்து அதே மாதிரியில் ஒன்று செய்வார். அட்டை இல்லையேல் பெட்டி இல்லை. எவரும் கேட்காத பெட்டி ஒன்றுகூடச் செய்யப்படாது.

1991 ஏப்ரல் 1 முதல் இவ்விதி நடப்பில் இருக்கிறது. ஒருமுறைகூட மீறியதில்லை, என் சொந்த வீட்டுக்காகக்கூட.

அக்டோபர் 9, செவ்வாய்

பேழையில் இருபத்தேழாம் மாதிரிக்கு ஏழாவதாக ஓர் அட்டை கிடந்தது.

பேழைக்கு இரண்டு சாவிகள். ஒன்று என்னிடம், மற்றது கிடங்கு மேற்பார்வையாளர் வர்னா ஸ்டெங்கரிடம். அட்டையில் உள்ள ஏழுக்குக் குறுக்குக் கோடு போடப்பட்டிருந்தது. இத்தொழிற்சாலையில் ஏழுக்குக் குறுக்குக் கோடு போடுபவன் நான் ஒருவனே. என் தந்தையாரின் பழக்கம் அது. யாரோ என் கையெழுத்தைப் போல எழுதியிருக்கிறார்கள்.

தேவைப்படும் நாள்: சனி, பிப்ரவரி 13.

வருகிற பிப்ரவரி 13 புதன்கிழமை. கள்ள அட்டை எழுதியவர் நாட்காட்டியைக்கூடப் பார்க்கவில்லை.

அக்டோபர் 11, வியாழன்

வாயிற்காவலர் டேல், "என்ன ஹூபர்ட், இந்த வாரம் நாலாவது தடவையா? வீட்ல வெந்நீர் வரலியா?" என்று சிரித்தார். நான் வந்தது இரண்டாவது தடவை. இந்த மனிதர் மீண்டும் குடிக்கத் தொடங்கிவிட்டார் போலும்.

அக்டோபர் 16, செவ்வாய்

எட்டு.

கிடங்குக்குச் சென்றேன். கடைசி வரிசையில் செர்ரிப் பெட்டிகள் ஏழு நின்றன. ஏழாவதன் மெருகு இன்னும் முற்றிலும் காயவில்லை. அதன் மூடி ஒரு விரற்கடை திறந்திருந்தது. காய்வதற்காக அப்படி வைப்பது வழக்கம்தான். ஆயினும் மூடிவிட்டு வந்தேன். வாசல்வரை வந்து திரும்பிப் பார்த்தபோது மீண்டும் திறந்திருந்தது. கீல் புதியது; தானாக எழும்பும். காரணம் அதுவே.

வர்னாவிடம் கேட்டேன். இருபத்தொன்பது ஆண்டுகளாக என்னிடம் வேலை கற்றவள் பேசும் பேச்சா அது?

"உங்க கையெழுத்து, உங்க ஏழு, உங்க அட்டை. என்னைக் கேட்டா? அட்டை வந்தா பெட்டியைச் செய், கேள்வி கேக்காதேன்னு எங்க மண்டையில அடிச்சு ஏத்தினது நீங்கதானே!"

"நான் எழுதவில்லை."

"அப்ப பேய் எழுதிச்சா? நம்ம பெட்டியில போனது ஏதாவது திரும்பி வந்து, பெட்டி சின்னதா இருக்கு, மாத்திக் குடுங்கன்னு கேக்குதா?"

தச்சர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 11, வியாழன்

சனிக்கிழமை காலைக்குள் முடித்துவிடுவதாக ஓட்டோ சொல்கிறான். அட்டை எழுதிப் போட்டுவிட்டேன். இர்மாவிடம் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 20, சனி

மேலே உள்ள மூன்று வாக்கியங்களை நான் எழுதவில்லை.

அமைதியாக எழுத முயல்கிறேன். ஓட்டோ எங்கள் தலைமைத் தச்சன்; 2006 ஜூன் 3 அன்று இறந்தான். இர்மா என் மனைவி. 1999 பிப்ரவரி 11 அன்று இறந்தாள். அன்று வியாழன். அடக்கம் 13 அன்று. அது — சனி.

ஆக, அட்டையில் இருந்த நாள் தவறல்ல. பத்தொன்பது ஆண்டுகள் பிந்தியது, அவ்வளவே.

யாரோ என் வீட்டுக்குள் வந்து, என் மேசையில் அமர்ந்து, என் பேனாவால், என் நாட்குறிப்பில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். பனிப்புயல் ஆண்டில் வீட்டின் மாற்றுச் சாவியை ஒரே ஒருவரிடம்தான் கொடுத்து வைத்தேன். வர்னா. இர்மாவின் அடக்கத்தில் கடைசி வரிசையில் நின்றவள். இப்படியும் ஒருத்தி செய்வாளா? நான் என்ன கெடுதல் பண்ணினேன் அவளுக்கு?

பூட்டுக்காரரை வரவழைத்து மூன்று பூட்டுகளையும் மாற்றினேன்.

அக்டோபர் 23, செவ்வாய்

ஒன்பது. கிரெக்கிடம் எழுத்து மூலமாகப் புகார் அளித்தேன். தேதிகள், அட்டைகள், சாவிகள், அனைத்தும் வரிசையாக. வர்னா உடனடியாகப் பணியிடை நீக்கம். பேழைச் சாவி என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. விசாரணை நவம்பர் 15, வியாழன், காலை பத்து மணி.

அவள் கத்தவில்லை. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு என் மேசையருகே நின்றாள்.

"ராய்க்கு வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ், ஹூபர்ட். என் வேலையிலதான் அவன் காப்பீடு ஓடுது. அது தெரிஞ்சுதானே எழுதினீங்க?"

தெரியும். ராய் அவள் கணவன். இருந்தும் விதி என்பது ஆள் பார்த்து வளையக்கூடாது.

அக்டோபர் 30, செவ்வாய்

புதிய அட்டை இல்லை. ஐயம் தீர்ந்தது.

நவம்பர் 2, வெள்ளி

இறந்தோர் நினைவு நாள். காலை ஒன்பது பத்துக்குக் கல்லறைத் தோட்டம் சென்றேன். புல்லில் உறைபனி வெண்மையாகப் படிந்திருந்தது. எனக்கு முன்பே ஒருவர் வந்து சென்றிருக்கிறார். வாயிலிலிருந்து நேராக இர்மாவின் கல்வரை காலடித் தடங்கள். அங்கிருந்து வாயிலுக்குத் திரும்பும் தடங்கள். வேறெந்தக் கல்லிடமும் அவர் நிற்கவில்லை.

ஒரு தடத்தில் என் காலை வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. என் அளவு பத்து. சாதாரண அளவுதான், பலருக்கும் பொருந்தும்.

கல்லின் மேல் ஒரு கூழாங்கல். அதன் அடியில் ஓர் அட்டை. மாதிரி இருபத்தேழு. தேவைப்படும் நாள்: சனி, பிப்ரவரி 13. ஈரத்தில் மை பரவியிருந்தது. ஏழின் குறுக்குக் கோடு மட்டும் பரவவில்லை.

தொழிற்சாலையைக் குடும்பத்தினர் பார்வையிடும் நாள் ஒன்றில் இர்மா செர்ரி மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தாள், நாய்க்குட்டியைத் தடவுவதுபோல. "ஹூபர்ட், என்னை அந்த நீலத் தகர டப்பாவுல மட்டும் போட்டுடாதப்பா" என்றாள். எல்லோரும் சிரித்தோம். இதை நான் எவரிடமும் சொன்னதில்லை. வர்னாவுக்கு எப்படித் தெரியும்?

நவம்பர் 6, செவ்வாய்

கல்லறையில் கிடந்ததையும் சேர்த்துப் பதினொன்று.

இரண்டு சாவிகளும் என் சட்டைப் பையில் இருந்தன. நேற்று முழுவதும் என் சட்டைப் பையில்தான் இருந்தன. நேற்று — நேற்று நான் என்ன செய்தேன்? துணி துவைத்தேன். பிறகு?

பிப்ரவரி 12, வெள்ளி

இன்னும் ஒரு நாள் இருக்கிறது.

நவம்பர் 13, செவ்வாய்

பூட்டுகள் மூன்றும் புதியவை. சாவிகள் என்னிடம் மட்டுமே. ஆனாலும் மேலே அந்த ஒரு வரி.

டேலிடம் வாயிற்பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். அவர் குடித்திருக்கவில்லை. அக்டோபர் 8 திங்கள், 10 புதன், 15 திங்கள், 22 திங்கள், நவம்பர் 5 திங்கள். ஐந்து நாட்களிலும் என் பெயர். என் கையொப்பம். நேரம்: ஆறு ஐம்பது. இத்தொழிற்சாலையில் எல்லோரும் "ஏழு மணி" என்று எழுதுவார்கள். நிமிடம் தவறாமல் எழுதுபவன் ஒருவன்தான்.

"டேல், இந்த நாட்களில் வந்தவர் யார்?"

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்கதான். வேற யாரு? வணக்கம் சொன்னா பதில் சொல்ல மாட்டீங்க. இர்மா கார்ல காத்திருக்கா, சீக்கிரம் போகணும்னுவீங்க. நான் என்னத்தச் சொல்ல? எங்கப்பாவும் கடைசியில இப்படித்தான்."

"காரில் யாராவது இருந்தார்களா?"

"நான் எட்டிப் பாக்கல, ஹூபர்ட்."

நவம்பர் 14, புதன்

இப்போது காலை பதினொன்று இருபது. இது புதன்கிழமைதான், வானொலியில் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

எழுதி வைக்க வேண்டியதை எழுதுகிறேன். 1999 பிப்ரவரியில் காய்ச்சல் பரவி, செர்ரிப் பெட்டிகள் ஆறும் ஒரே வாரத்தில் போய்விட்டன. ஆறு அட்டைகளும் பேழையில் வரிசையில் நின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு குடும்பம் காத்திருந்தது. இர்மா இறந்த அன்று மாலை ஓட்டோ வந்தான். "ஏழாவதா ஒரு அட்டை எழுதுப்பா. பசங்க எல்லாரும் தங்கி வேலை செய்யறோம்னு சொல்றாங்க. சனிக்கிழமை காலையில பெட்டி தயார். உன் பொண்டாட்டிடா, ஹூபர்ட்!" அவன் கையில் வெற்று அட்டை. என் கையில் பேனா.

ஆறுக்கு மேல் அட்டை கிடையாது என்றேன்.

கிடங்கில் இருந்தது நீல உலோகப் பெட்டி, பன்னிரண்டாம் மாதிரி. அதில்தான் அவளை வைத்தோம். நேர்மையான மனிதர் என்று அன்று எல்லோரும் என் கையைக் குலுக்கினார்கள். ஓட்டோ மட்டும் குலுக்கவில்லை.

அன்று எழுதாததை இப்போது எழுதிக்கொண்டிருப்பவன் யார்? நான் என்று சொல்ல இலக்கணம் இருக்கிறது, நினைவு இல்லை. அவன் என் காலணியைப் போட்டுக்கொள்கிறான், என் காரை ஓட்டுகிறான், நிமிடம் தவறாமல் கையொப்பம் இடுகிறான். அவனுக்கு ஒரு நாள் மீதம் இருக்கிறது. எனக்கும் ஒரு நாள்தான், நாளை விசாரணை.

நான் வாய் திறக்காவிட்டால் என்ன ஆகும்? பதிவேட்டை எவரும் கேட்கப்போவதில்லை. டேல் வம்புக்குப் போகாதவர். செவ்வாய், வியாழன் எனக்கு இருக்கும். காரும் வீடும் இருக்கும். வர்னாவுக்கு வேலை இருக்காது. ராய்க்கு —

என்ன மனுஷன்டா நீ.

நவம்பர் 15, வியாழன்

சொன்னேன். பத்து மணி நான்கு நிமிடத்துக்குத் தொடங்கி, பத்து பதினொன்றுக்கு முடித்தேன். பதிவேட்டையும் இந்த ஏட்டையும் மேசைமேல் வைத்தேன். கிரெக் இரண்டு பக்கம் படித்துவிட்டு மூடிவிட்டார். மேசைக்கு அப்பால் இருந்த வர்னா என்னைப் பார்க்கவேயில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு இன்று முதல் மீண்டும் வேலை. இரண்டு பேழைச் சாவிகளையும் அவளிடம் கொடுத்தேன்.

நவம்பர் 22, வியாழன்

நன்றியறிதல் நாள். மகள் லோயிஸ் சின்சினாட்டியிலிருந்து வந்து கார் சாவியை எடுத்துக்கொண்டாள். திங்கள் அன்று மருத்துவர் நோய்க்கு ஒரு பெயர் சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை.

மாலை நான்கு மணிக்கு வர்னா வந்தாள்; கையில் பெர்சிமன் பழப் புட்டிங். சமையலறை மேசையில் வைத்துவிட்டு உட்காராமல் பேசினாள்.

"மன்னிச்சுட்டேன்னு நினைக்காதீங்க. ராய் மன்னிச்சுட்டான், அவனுக்குப் புத்தி கிடையாது. புட்டிங் அவன் குடுத்தது."

"அந்த ஐந்து அட்டைகள்?"

"கிழிச்சாச்சு. செஞ்ச பெட்டிங்க வரிசைப்படி வெளிய போயிடும்." கதவருகே நின்றாள். "கார்ல நெஜமாவே அவங்க இருந்தாங்களா, ஹூபர்ட்?"

தெரியாது என்றேன். அவள் ஏன் அதைச் சிரிக்காமல் கேட்டாள்?

டிசம்பர் 4, செவ்வாய்

வர்னா சொன்ன தேதி. தினமும் காலை ஆறு ஐம்பதுக்குத் தொலைபேசியில் அழைத்து, "இன்னிக்கு செவ்வாய், டிசம்பர் நாலு. வெளியே போகாதீங்க, வழுக்குது" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். நான் அதை இங்கே எழுதிய பிறகே காப்பி குடிக்கிறேன்.

இன்று ஏட்டைத் திறந்தபோது நடுவில் ஓர் அட்டை இருந்தது. மாதிரி இருபத்தேழு. மீண்டும் வந்துவிட்டானா? எப்போது? கண்ணாடியை மாற்றிக்கொண்டு சன்னலருகே சென்று பார்த்தேன்.

ஏழில் குறுக்குக் கோடு இல்லை.

நேற்று அவள் சூப் கொண்டுவந்ததாகக் கிண்ணம் சொல்கிறது. அழைத்தேன். "வர்னா, ஆறுக்கு மேல் அட்டை கிடையாது."

"அது நீங்க எண்ணினப்போ. இப்ப எண்ணுறது நான்." பின்னால் மரம் அறுக்கும் ஓசை கேட்டது. "செர்ரிக்கு இனிமே ஏழு. ஒன்னு கடைசி வரிசையில நிக்கும். யாருக்கும் குடுக்க மாட்டேன். போய் சூப்பைச் சூடு பண்ணிச் சாப்பிடுங்க."

அட்டையில் எல்லாம் ஒழுங்காக நிரப்பப்பட்டிருக்கிறது. தேவைப்படும் நாள் என்ற கட்டம் மட்டும் காலி.

பேனாவை எடுத்தேன். பிறகு மூடி வைத்துவிட்டேன்.