நன்றி என்று எண்ணிய பிடிவாதம்

பிப்ரவரி 4

பேரன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். உங்களிடம் நலம் கேட்கவே அச்சம். கேட்டால் வேதாந்தமாகப் பதில் வரும். தொண்டைப் புற்று கதிர்வீச்சுச் சிகிச்சையில் குணமாகி நான்கு ஆண்டுகள் ஆயின. முப்பதாண்டுப் புகை தொண்டையோடு நின்றிராது, நுரையீரலில் புதிதாக ஒன்று முளைக்கக்கூடும், ஆண்டுதோறும் நெஞ்சை ஸ்கேன் எடுங்கள் என்று மருத்துவர் சொன்னபோது அருகில் நின்றவள் நான். நீங்கள் ஒருமுறைகூடப் போகவில்லை. "ராத்திரி பகல்னு இல்லாம இருமுறார். கேட்டா, கரண்ட் வச்ச தொண்டை அப்படித்தான்ங்கிறார்" என்று அண்ணி போனில் அழுதார்.

ஸ்கேன் எடுக்கும்வரை உங்கள் வாசலை மிதிக்கமாட்டேன்.

உங்கள் தங்கை

பிப்ரவரி 19

கண்ணான தங்கைக்கு,

எல்லாம் வல்லவன் உன்னைக் காக்க. கோபத்துக்கும் தபால்தலை ஒட்டி அனுப்புகிறவள் நீ ஒருத்திதான். பேச்சே போய்விடும் என்றிருந்த நாளில் இறைவன் என் குரலைத் திருப்பித் தந்தான். தந்ததை ஆண்டுதோறும் உரசிப் பார்ப்பது தந்தவனை ஐயுறுவதாகாதா? இனி ஆஸ்பத்திரிப் படி ஏறுவதில்லை என்று அன்றே நேர்ந்துகொண்டேன். என் நன்றிக் காணிக்கை அது.

வேடிக்கை கேள். நான் நடத்தும் மாலை வகுப்பில் இறைப்பாடலுக்கு உரை சொல்லும்போது இருமலை அடக்கிக்கொண்டு நிற்கிறேன். பக்தியில் உருகி நிற்பதாக எண்ணி முன்வரிசையார் கண்களைத் துடைக்கிறார்கள்.

வீம்பை விட்டு வா.

உன் அண்ணன்

அக்டோபர் 7

தங்கையம்மா,

இம்முறை வேதாந்தம் இல்லை. நீயும் வரவில்லை, நானும் எழுதவில்லை. சென்ற வாரம் வகுப்பில் அடக்கிய இருமல் இரத்தமாக வெளிவந்தது. அன்று எவரும் உருகவில்லை; நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்கள். உன் அண்ணி என்னைக் கேளாமலே ஆஸ்பத்திரி வண்டியை அழைத்தாள்.

மருத்துவர் என் மகனைவிட இளையவர். அருகில் அமர்ந்து சொன்னார்: "இது பழசு பரவினது இல்லீங்க ஐயா, நுரையீரல்ல புதுசா முளைச்சது. போன வருஷமே வந்திருந்தா வெட்டி எடுத்திருக்கலாம். இப்ப மருந்து ஏத்திக் கொஞ்சம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான்."

பழைய நோய் குணமானது மெய்தானே என்று கேட்டேன். சுத்தமாகக் குணம் என்றார். இறைவன் தந்ததைத் தந்தபடியே காத்திருக்கிறான். நான்தான் அவன் கேளாத காணிக்கையை வைத்திருக்கிறேன். உன் வாயிலும் அவனே பேசுவான் என்பது இத்தனை மறை ஓதியவனுக்கு எட்டவில்லை. நன்றி என்று எண்ணியது பிடிவாதமாயிற்று.

ஸ்கேன் எடுத்தாயிற்று. இனி நீ வரலாம்.

அண்ணன்

அக்டோபர் 11

அண்ணா,

கடைசி வரியைத் தாண்டமுடியாமல் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். வராமல் இருந்தால் பணிவீர்கள் என்று கணக்குப் போட்டேன். வந்து கையைப் பிடித்து இழுத்திருந்தால் திட்டிக்கொண்டே வந்திருப்பீர்கள். உங்கள் வீம்புக்கு என் வீம்பைக் காவல் வைத்துவிட்டேன்.

மருந்து ஏற்றும் நாள்களில் பக்கத்தில் நான் இருப்பேன். அண்ணி சற்றுத் தூங்கட்டும். இதற்குப் பதில் எழுத வேண்டாம். தபால்காரர் வரும்போது இந்த வீடு பூட்டியிருக்கும்.

தங்கை