மூன்று புள்ளி மஞ்சள்

ரெம்பாவ்,
ஏப்ரல் 11.

அன்புள்ள தர்ஷிகா டீச்சருக்கு,

லெட்சுமி வணக்கத்தோடு எழுதுவது. அந்த ஊர்க் குளிரில் நீங்களும் சாரும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் அம்மா அடுத்த வாரம் அங்கே புறப்படுகிறார்கள் என்றார்கள். இந்தக் கடிதத்தையும், உங்கள் ஆராய்ச்சிக்காக நான் ஓடையோரம் கணக்கெடுத்து எழுதும் பட்டாம்பூச்சி நோட்டையும் தெமியாங் வீட்டில் அவர்களிடம் கொடுத்துவிடப் போகிறேன். வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை பேசிப் பதிவு செய்து, இரண்டு தடவையும் அழித்துவிட்டேன்.

இங்கே வெயில் தாங்கவில்லை. நாற்றங்காலில் செம்பனைக் கன்றுகளுக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவை தண்ணீர் விடுகிறோம். ஓடையில் தண்ணீர் வற்றி மணல் தெரிகிறது.

உங்களிடம் ஒன்றை மறைத்தேன். பிப்ரவரியில் என் வீட்டுக்காரர் மரத்தடியில் குலை வெட்டிக்கொண்டிருந்தபோது அப்படியே சாய்ந்துவிட்டார். வேலையை மேற்பார்க்கும் மண்டோர்தான் லாரியில் ஏற்றிச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இடது பக்கம் வாதம். ஐந்து வாரம் கூடவே இருந்தேன். அப்போது உங்களுக்குப் பேறுகாலம் நெருங்கியிருந்தது, எப்படிச் சொல்வது? இப்போது கைத்தடி பிடித்து வாசல் வரை நடக்கிறார். கை இன்னும் எழவில்லை. பேச்சு குழறினாலும் எனக்குப் புரிகிறது. விடியற்காலையில் அவரைக் குளிப்பாட்டிச் சாப்பாடு ஊட்டிவிட்டு வேலைக்கு ஓடுகிறேன். மத்தியானம் வந்து பார்த்துவிட்டு மறுபடி ஓடுகிறேன். உட்கார்ந்தால் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போகிறேன்.

அந்த ஐந்து வாரமும் நான் ஓடைப் பக்கம் கால் வைக்கவில்லை டீச்சர். ஆனால் செவ்வாய், வெள்ளி என்று பத்து நாள் கணக்கும் நோட்டில் இருக்கிறது. வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நானே எழுதியது. ஒரே மையாக இருந்தால் சந்தேகம் வரும் என்று பேனாவைக்கூட மாற்றி மாற்றி எழுதினேன்.

அந்தப் பூச்சிகள் பறக்கும்போது எல்லாம் ஒரே மஞ்சள்தான், ஒரே கறுப்பு ஓரம்தான். வலையில் பிடித்து, சிறகை மூடி, முன்சிறகின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பார்த்தால்தான் உடம்பையொட்டி இரண்டு புள்ளியா மூன்று புள்ளியா என்று தெரியும். நுனியில் காப்பி நிறத் திட்டு இருந்தால் அது வேறு இனம். நான் தடுமாறும்போதெல்லாம் "சந்தேகம்னா சந்தேகம்னே எழுதுங்க அக்கா, அதுவும் ஒரு பதில்தான்" என்பீர்கள். நான் பொய்யாக எழுதிய பத்து நாளில் ஒரு சந்தேகம்கூட இல்லை. எல்லாம் தெளிவாக இருக்கிறது.

மூன்று புள்ளியை ஏன் அவ்வளவு அதிகமாகப் போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அதைப் பார்த்தால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்று நினைத்திருப்பேன்.

போன வாரம் உங்கள் மெசேஜ் வந்தது. மூன்று புள்ளி பெருகியிருப்பதைப் பெரிய கூட்டத்தில் சொல்லப் போவதாக எழுதியிருந்தீர்கள். எல்லாம் உங்கள் கண்ணால் வந்தது அக்கா என்றும் எழுதியிருந்தீர்கள். பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் குழறிக் குழறி, "அந்தப் பொண்ணு உன்ன நம்பி நாலு பேர் முன்னால நிக்கப் போவுது லா. எழுதிப் போட்டுடு" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. யாருக்காக நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன் என்று கத்தினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணீரைத் துடைக்க அவருக்கு ஒரு கைதானே இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலையில் அவரை வாசலில் உட்கார வைத்துவிட்டு வலையோடு ஓடைக்குப் போனேன். ஈர மணலில் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. பதினாலு பிடித்தேன். ஒன்றின் சிறகு கிழிந்துவிட்டது. இரண்டு புள்ளி பதினொன்று, மூன்று புள்ளி இரண்டு. இன்னொன்று நிறம் உதிர்ந்து வெளுத்திருந்தது, எவ்வளவு நேரம் பார்த்தும் புரியவில்லை. சந்தேகம் என்று எழுதினேன். மூன்று புள்ளி பெருகவில்லை டீச்சர்.

நோட்டில் அந்தப் பத்து நாள் மேலும் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன். அதற்கு முன்னால் உள்ளதும் மார்ச் கடைசியிலிருந்து உள்ளதும் என் கண்ணால் பார்த்தது. அதையும் நீங்கள் நம்ப முடியாது என்றால், அதற்கு நான்தான் காரணம். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் இது உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

வேறு ஆளைப் போட்டால் வலை போடும் இடங்களைக் காட்டிக்கொடுக்கிறேன். அதனால் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுதி ஓய்ந்துபோனேன் டீச்சர், அதனால் அதை எழுதவில்லை.

என்மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் பால் கொடுக்கிற நீங்கள் பட்டினி கிடக்காதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். குழந்தை நோய்நொடி இல்லாமல் வளரட்டும். ஒரு வரி போதும், திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
லெட்சுமி மாயாண்டி