பட்டு சுற்றிய குச்சி

அன்புள்ள அண்ணி,

பேரன் ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கி வந்து கூடத்தில் மாட்டியிருக்கிறான். அதற்குள் எச்ச நாற்றம் வீட்டைத் தூக்குகிறது. எட்டிப் பார்த்தேன். கூண்டுக்குள் குறுக்கே பிளாஸ்டிக் குச்சிகள், வழுவழுவென்று ஒரே பருமனில். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டினேன். எதைத் திட்டுகிறேன் என்று அவனுக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரிந்திருக்கும்.

சோற்றில் ஒரு மயிர் கிடந்தால் அன்றைக்குப் பட்டினி கிடக்கிறவள் நான். என் அண்ணன் உங்களைக் கட்டிக்கொண்டு வந்தபோது சீரோடு சீராக ஒரு கிளியும் வந்து இறங்கியதைப் பார்த்து எனக்குக் குமட்டியது. நீங்களோ வெறும் விரலால் எச்சத்தைச் சுரண்டிவிட்டு, மண் தேய்த்துக் கை கழுவிக்கொண்டு, தோசைக்கு மாவு கரைக்கப் போவீர்கள். நான் தோசையைத் தொடமாட்டேன்.

கூண்டுக்குக் குச்சி தேடி நீங்கள் கொல்லையெல்லாம் அலைந்தது எனக்கு வேடிக்கை. பெண் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு கிளையாக வளைத்துப் பார்ப்பீர்கள். அரளி ஆகாது, கிளி பட்டையைக் கடிக்கும், விஷம். மூங்கில் வழுக்கும். கடைசியில் கொய்யாக் கிளைதான், பட்டையோடு, ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் இளைத்து, கோணலாக.

"இது இன்னா அண்ணி, அடுப்புல வெக்கிற வெறகு மாதிரி இருக்குது" என்றேன்.

"ஒரே பருமனா இருந்தா ஒரே எடத்துலயே அழுந்தி காலு புண்ணா பூடும்மா. ஏறி எறங்கி நின்னாத்தான் அதுக்கு சொகம்" என்றீர்கள்.

அண்ணனுக்கு அந்தக் கோணல் கொம்பு பிடிக்கவில்லை. வீட்டு முன்கட்டில் அவருக்குப் பட்டுக்கடை. கல்யாணப் புடவை எடுக்க மெட்ராசிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று கூண்டைக் கடை வாசலில் மாட்டினார். கொய்யாக் கிளையை உருவி எறிந்துவிட்டு ஒரு உருட்டுக் குச்சியைச் செருகினார். தறியில் மிஞ்சிய அரக்குப் பட்டு நூலையும் சரிகையையும் அதன்மேல் மரம் தெரியாமல் சுற்றினார். "நம்ம கடையில கிளிகூட பட்டுலதான் உக்காரும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் ஒரு இளிப்பு. அவர்களும் சிரித்தார்கள். பட்டில் எச்சம் ஊறிக் காய்ந்து நாறியது. சுரண்டவும் முடியாது. குச்சியை மாற்றச் சொல்லி நீங்கள் கேட்டதற்கு, "முகூர்த்த மாசம் முடியட்டும், கழட்டிக்கலாம்" என்றார்.

ஒருநாள் கிளி சத்தமே இல்லாமல் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. பார்த்தால், பிரிந்த சரிகை இழை ஒரு விரலைச் சுற்றி இறுகியிருந்தது. விரல் கறுத்துச் சீழ் வடிந்தது. பிடித்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டீர்கள். பயத்தில் அது என் உள்ளங்கையிலேயே கழிந்தது. கையை உதறப் பார்த்தேன். ஊசி முனையால் இழையை நெம்பிக்கொண்டே, தலை நிமிராமல், "கைய கழுவிக்கலாம்மா. அதுக்கு வெரலு மொளைக்காது" என்றீர்கள். நான் கிளியை விடவில்லை.

இழை வந்துவிட்டது. விரல் பிழைக்காது என்று தெரிந்தது. கிளியை ஏந்திக்கொண்டு கடைக்குப் போய் அண்ணன் முன்னால் நீட்டினீர்கள். "பாருங்க" என்றீர்கள், அவ்வளவுதான்.

அவர் அத்தர் போட்ட கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "சீ, அருவருப்பா இருக்குது. பார்ட்டி வர்ற நேரம், அந்தாண்ட எடுத்துக்கினு போ. வேற கிளி வாங்கிக்கலாம்."

அருவருப்பாம். கிளியின் மேல் எனக்கிருந்த குமட்டலெல்லாம் அந்த நிமிஷத்தில் அவர் பக்கம் திரும்பிவிட்டது.

பிறகு நீங்கள் கூண்டைக் கொல்லைக்கு எடுத்துப்போய் மறுபடி கொய்யாக் கிளையைச் செருகினீர்கள். அதை வெளியே கொண்டுவரவே இல்லை. கறுத்த விரல் உதிர்ந்தது. மிச்ச விரல்களோடு கிளி கொய்யாக் கிளையில் நடக்கப் பழகியது. ஆனால் அவர் அருவருப்பு என்று சொன்ன அன்றைக்கே நீங்கள் அண்ணனுக்கு இலை போட்டுச் சோறு பரிமாறினீர்கள். எப்படி முடிந்தது என்று கேட்டேன். "பசிக்குதுன்னு வந்து உக்கார்ற ஆளை இன்னா பண்றதும்மா" என்றீர்கள். அந்த மனசு எனக்கு வரவில்லை, அண்ணி.

நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். அண்ணன் இருக்கிறார், கைத்தடியும் சரிகை வேட்டியுமாக. போன பொங்கலுக்குக் குடும்பமே வரிசையாக அவர் காலில் விழுந்து ஆசி வாங்கியது. என் முறை வந்தபோது, முட்டி வலி என்று சொல்லி நின்றபடியே கும்பிட்டேன். எனக்கு முட்டியில் ஒரு வலியும் கிடையாது.